படிக்கிற வேகம்

இர்ஃபான் இரண்டு சின்ன அட்டைப் பெட்டிகளைக் கடையின் கண்ணாடி மேடைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இது நாலு டிபி டிரைவ், இது ஒரு டிபி. பெருசு வேணுமா, வேகம் வேணுமா, அதை மட்டும் சொல்லுங்க மேடம்" என்றபோது குமுதவல்லி பெட்டிகளைப் பார்க்கவில்லை. மேடையின் ஓரத்தில் ஓடிய அலுமினியப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேராகத்தான் இருந்தது. அந்தக் கோடியிலிருந்து நேராக வந்து, நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஈரத்துணி போட்ட கொடி மாதிரி லேசாகத் தொய்ந்து, மறுபடி நிமிர்ந்துகொண்டது. பட்டை நெளிந்திருக்கலாம், எத்தனை பேர் முழங்கை ஊன்றிய மேடை. தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தாள். தொய்வும் கூடவே நகர்ந்து வந்தது. அப்படியென்றால் அது பட்டையில் இல்லை. போன வாரம் இது இல்லை, இல்லையா? இருந்ததா? போன வாரம் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டே அயனாவரம் வரை வந்தாளே, கம்பி நேராக இருந்ததா, பஸ் குலுங்கியதில் தெரியாமல் போனதா? சில மாதங்களாக அவளுக்கு இதே வேலையாகிவிட்டது. எங்கே நேர்க்கோடு கண்டாலும் நின்று அதைச் சோதிப்பது. கடை ஷட்டரின் மடிப்பு, தரை டைல்ஸின் இடுக்கு, கோலப்பொடி டப்பாவின் விளிம்பு. கண்ணைச் சோதித்துப் பார்க்க டாக்டர் கொடுத்த கட்டம் போட்ட அட்டையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்கச் சொல்லியிருந்தார். ஃபிரிட்ஜில் ஒட்டினால் கணவர் தனபால் என்னவென்று கேட்பார். அதனால் அட்டை அவளுடைய போட்டோ ஸ்டுடியோவில், பழைய ஆல்பம் அட்டைகளுக்கு நடுவில் இருந்தது. காலையில் அவர் நடக்கப் போன பிறகு வீட்டை ஒட்டிய அந்த ஒற்றை அறையைத் திறந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, திருடியவள் மாதிரி அதைப் பார்ப்பாள்.

"மேடம்?" என்றான் இர்ஃபான்.

"பார்த்துட்டுதான் இருக்கேன் தம்பி," என்றாள். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு தனபால் உட்கார்ந்திருந்தார். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கும் மேல் வெல்டிங்கைச் சோதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் தனியாகவே ரிச்சி தெருவுக்குப் போய்க்கொள்கிறேன் என்று அவள் சொன்னதற்கு, "அங்கெல்லாம் ஆளைப் பார்த்து ஏமாத்துவாங்க" என்று வண்டியை எடுத்துவிட்டார். ஏமாற்றுகிற ஆளாக இர்ஃபான் தெரியவில்லை. முப்பத்தைந்து வயசிருக்கும், குறுந்தாடி, அவசரப்படாத கை. அவளுடைய லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு அடிமூடியைக் கழற்றி, "இடம் ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு போட முடியாது" என்று காட்டியிருந்தான். விரல் நீளத்துக்கு ஒரு பச்சைச் சில்லு. அது இவ்வளவு சிறிதாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அதன்மேல் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. வலது கண்ணால் பார்த்தபோது எழுத்து எழுத்தாகத்தான் இருந்தது. இடது கண்ணால் பார்க்கவில்லை. அந்தக் கண்ணால் எதையும் நேராகப் பார்ப்பதை அவள் விட்டுவிட்டிருந்தாள்.

பெரம்பூரில் படம் எடுக்கப் போன ஒரு கல்யாணத்தில்தான் அது தெரிந்தது. தாலி ஏறப்போகிற சமயம், மேளக்காரர் கையை ஓங்கிவிட்டார், யாரோ எறிந்த அட்சதை வலது கண்ணில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேமராவை இடது கண்ணுக்கு மாற்றினாள். மணப்பெண் இருந்தாள். ஜடை அலங்காரம் இருந்தது, நெற்றிச்சுட்டி இருந்தது, கழுத்து மாலை இருந்தது, முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ எண்ணெய்க் கட்டைவிரலால் இழுத்த மாதிரி ஒரு சாம்பல் தீற்றல். லென்ஸில் அழுக்கு என்று நினைத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். நல்ல லென்ஸைப் புடவையால் துடைக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், துடைத்தாள், மறுபடி துடைத்தாள், அதற்குள் தாலி ஏறிவிட்டது. படம் எடுத்தது விரலின் பழக்கம்தான். சின்ன வயசிலிருந்து கிட்டப்பார்வை, சோடாபுட்டிக் கண்ணாடி. பள்ளிக்கூடத்தில் அதற்கொரு பட்டப்பெயரும் இருந்தது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இத்தனை வருஷமாகக் கண் உள்ளுக்குள்ளே இழுபட்டுக்கொண்டே இருந்ததாம், மெலிந்துகொண்டே இருந்ததாம், கண் டாக்டர் அம்மா காகிதத்தில் வட்டம் வரைந்து காட்டினார். இடது கண்ணில் தழும்பு விழுந்துவிட்டது, அது இனி அவ்வளவுதான். வலது கண்ணில் கசிவு ஆரம்பித்திருக்கிறது, ஊசி போட்டு நிறுத்திவைக்கப் பார்க்கலாம். "ஓரப் பார்வை போகாதும்மா. நீங்க நடமாடலாம், சமைக்கலாம். நடுவுலதான் பிரச்சினை." நடு என்றால் எது என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்தாள். நடு என்பது ஒரு இடமில்லை, எதைப் பார்க்கிறோமோ அதுதான் நடு. எதைப் பார்க்க ஆசைப்பட்டுக் கண்ணைத் திருப்புகிறாயோ அது மட்டும் போய்விடும், மற்றதெல்லாம் இருக்கும். இதை யாரிடம் சொல்வது, சொன்னால் எப்படிப் புரியும்? எவ்வளவு நாள் என்று கேட்டாள். சொல்ல முடியாதும்மா என்றார்.

"உங்களுக்குப் படிக்கிற வேகம்தான் மேடம் முக்கியம்," என்றான் இர்ஃபான். அவளுக்குத் திடுக்கென்றது. டிரைவைப் பற்றித்தான் சொல்கிறான். "எழுதுற வேகம் வீடியோக்காரங்களுக்கு. நீங்க போட்டோவைத் திறந்து திறந்து பார்க்கிற ஆளு, அதனால படிக்கிற வேகம். இந்தச் சின்னது பறக்கும். பெருசும் மோசமில்ல, ஆனா ரொம்ப நெறஞ்சா கொஞ்சம் இழுக்கும். இப்ப எதுல வச்சிருக்கீங்க எல்லாத்தையும்?" அவள் பையிலிருந்து பழைய ஹார்ட் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒன்றன் உறையில் இன்னும் மஞ்சள் கறை இருந்தது. "இதெல்லாம் சுத்துற டிஸ்க்கு, அதான் லேட்டு," என்று அவன் ஒன்றைக் காதருகே வைத்துப் பார்த்தான். லேட்டுதான். ஒரு படத்தைத் தட்டினால் நடுவில் ஒரு வளையம் சுற்ற ஆரம்பிக்கும். முதலில் மங்கலாக ஒரு படம், பிறகு வளையம், பிறகு தெளிவு. முன்பெல்லாம் அந்த வளையம் சுற்றும்போது அவள் தண்ணீர் குடிப்பாள், அடுப்பைப் பார்த்துவிட்டு வருவாள். இப்போது வளையம் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மங்கலாகவே நின்றுவிட்டால், டிஸ்க் மெதுவாக இருப்பதாலா, இல்லை நான்தானா? தெளிவு வந்ததும் மூச்சு விடுவாள். ஒரு படத்துக்கு ஒரு மூச்சு. இப்படி எத்தனை படம், எத்தனை மூச்சு.

தனபால் எழுந்து வந்து மேடையில் கையை ஊன்றினார். "இதுல யோசிக்க என்ன இருக்கு குமுதா? பெருசை வாங்கு. எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுடலாம். இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு அலையவேண்டாம்."

"நெறஞ்சா இழுக்கும்ங்கறாரே."

"அப்ப பெருசுலயே வேகமானது இல்லையா தம்பி?"

"இருக்கு சார், ஸ்டாக் இல்ல. சொல்லிவச்சா மூணு வாரத்துல வந்துடும்."

"அவ்வளவுதானே. சொல்லிவச்சுட்டுப் போவோம்," என்றார் தனபால். "மூணு வாரம்தான். என்ன அவசரம்?"

என்ன அவசரம். அவர் இயல்பாகக் கேட்டார், பஸ்ஸுக்கு ஓடுகிறவளைப் பார்த்துக் கேட்கிற மாதிரி. அந்தக் கேள்வி அவளுக்குள்ளே போய் மாட்டிக்கொண்டது, புடவை முந்தானை ஆணியில் மாட்டுகிற மாதிரி, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல். மூன்று வாரத்தில் அந்தத் தொய்வு எவ்வளவு இறங்கும்? பட்டையின் நடுவில் விரல் அகலம் இருக்கிறதே, அது கை அகலம் ஆகுமா? ஆகாமலும் இருக்கலாம், ஊசி பிடித்துவிட்டால் வருஷக்கணக்கில் அப்படியே நிற்கும் என்று டாக்டர் சொன்னாரே. சொன்னார், ஆனால் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தார். அது வழக்கமாக இருக்கலாம், எல்லோரிடமும் அப்படிப் பார்ப்பாராக இருக்கும். அவசரம் என்னவென்றால், அந்த டிஸ்க்குகளில் அவள் பார்க்காத படங்கள் இருந்தன. கல்யாணப் படங்களைச் சொல்லவில்லை, அவை போய்ச் சேர வேண்டிய வீடுகளுக்குப் போய்விட்டன. கல்யாணங்களின் நடுவே யாரும் கேட்காமல் அவளே எடுத்தவை. பந்தி முடிந்த இலைகளின் முன்னால் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டுக்கொள்ளும் பரிமாறுகிற பெண். மேடைக்குப் பின்னால் ஒயரைச் சுருட்டிக்கொண்டே தூங்கிவிட்ட மைக்செட்காரர். பெண்ணை அனுப்பிவிட்டு, மண்டபத்துச் சாவியை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நின்ற அப்பா. ஆரம்ப வருஷங்களில் அவற்றையெல்லாம் பொறுப்பாகப் பிரித்து, 'சும்மா' என்று பெயர் போட்டு வைத்தாள். பிறகு வேலை கூடியது, பிரிக்க நேரமில்லை. ஒவ்வொரு கல்யாணத்துக்குள்ளேயும் அவை கலந்து கிடந்தன. அழுத்தியதோடு சரி, ஒருநாள் உட்கார்ந்து பார்க்கலாம் என்று. ஒருநாள் என்பது எப்போதும் இருக்கும் என்று நினைத்தாள். கண்ணும் எப்போதும் இருக்கும் என்றுதானே நினைத்தாள், அதை நினைத்ததுகூட இல்லை.

இவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்பதை அவள் எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்தாகிவிட்டது. கெட்டவராக இருந்தால் சொல்லியிருப்பாள். கர்ப்பப்பை எடுத்த வருஷம் அவர் லீவு போட்டுவிட்டு அவளைப் படுக்கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். சாதம் குழைந்தாலும் வேளைக்கு வந்தது. டீ டம்ளரை அவள் கையில் வைத்து, அவள் விரல்களைத் தன் விரல்களால் சுற்றிப் பிடித்து, "பிடிச்சுக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் விடுவார். நன்றாகத்தான் இருந்தது. முதல் மாதம் நன்றாக இருந்தது. அடுத்த மாதம் ஸ்டுடியோ போனை அவரே எடுத்தார், "அவங்களால வர முடியாதுங்க, வேற ஆளைப் பாருங்க" என்று பக்கத்து அறையில் பேசுவது கேட்டது. தையல் ஆறியது. டாக்டர் எழுந்து நடக்கச் சொன்னார். "உனக்கு எதுக்கு இனிமே அந்த அலைச்சல்?" என்றார் அவர். கேமராவை ஒரு பழைய வேட்டியில் சுற்றி, ஈரம் படாமல், பரண்மேல் பத்திரமாக வைத்திருந்தார். அதை இறக்க அவளுக்கு ஒரு வருஷம் ஆனது. சண்டை போட்டிருந்தால் ஒரு நாளில் இறங்கியிருக்கும், அவ்வளவு அன்பாக வைக்கப்பட்ட ஒன்றை எப்படிச் சண்டை போட்டு இறக்குவது? இப்போது கண் என்று தெரிந்தால் பரணுக்குப் போவது கேமரா மட்டுமில்லை, அவளேதான். ஊசி போட்டுக்கொண்டு வந்த அன்று கண் சிவந்திருந்ததைப் பார்த்து மெட்ராஸ் ஐ என்று நினைத்துவிட்டார். அவளும் ஆமாம் என்றாள். தனித் துண்டு, தனித் தலையணை, தனக்கொரு கறுப்புக் கண்ணாடி, வீட்டுக்குள்ளேயே அதைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

"அஞ்சு வருஷம் கேரண்டி மேடம்," இர்ஃபான் பேசிக்கொண்டிருந்தான். "ரெண்டுக்குமே. நடுவுல ஏதாவது ஆச்சுன்னா புதுசு மாத்திக் குடுத்துடுவாங்க." மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். பெட்டியைக் கையில் எடுத்தாள். அவள் எடுக்க நினைத்தது சிறியதை. "இதைப் போடுங்க" என்று நீட்டினாள்.

"இது பெருசு மேடம்."

"அதான் பெருசை எடுத்துட்டாளே," என்றார் தனபால் நிம்மதியாக.

"இல்ல," என்றாள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். எண் பெரிதாகத்தான் அச்சாகியிருந்தது. அதன்மேல் பார்வையை நேராக வைத்தாள். எண்ணின் இடுப்பு ஒடிந்து, கால் ஒருபக்கம் நழுவியிருந்தது. இது வலது கண். நேற்று பேப்பரில் தலைப்பெல்லாம் படித்தாளே. கடையின் மின்விசிறி, பக்கத்துக் கடைக்காரன் செல்போன் கவரை விலை கூவுகிற சத்தம், இர்ஃபானின் சட்டையிலிருந்து வந்த அத்தர் வாசனை, எல்லாம் ஒரேயடியாகக் கிட்டே வந்த மாதிரி இருந்தது. "பெருசையே எடு. மூணு வாரம் பொறுக்க முடியலைன்னா இதையே எடு. இதுக்குப் போய் என்ன அவசரம் உனக்கு, அதைச் சொல்லு முதல்ல," என்றார் தனபால். கோபமில்லை, அலுப்புதான்.

"எனக்குக் கண்ணு போயிட்டிருக்குங்க," என்றாள்.

சொல்லிவிட்டாள். வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது, பக்கத்துக் கடையிலிருந்து கேட்ட மாதிரி. இர்ஃபான் ஸ்குரூடிரைவரை மேடையில் வைத்தான், பிறகு எடுத்தான், பிறகு குனிந்து கீழே எதையோ தேட ஆரம்பித்தான். "மெட்ராஸ் ஐ இல்லங்க அது. ஊசி. இடது கண்ணு போச்சு. இதுவும் ஆரம்பிச்சிருக்கு. எவ்வளவு நாளுன்னு அவங்களுக்கே தெரியல." தனபால் அவள் கண்களைப் பார்த்தார், ஒன்றை, பிறகு மற்றொன்றை, வெல்டிங் வைத்த இடத்தில் வெடிப்பு தேடுகிற மாதிரி. வெளியே ஒன்றும் தெரியாது, அவளும் கண்ணாடியில் எத்தனையோ தடவை பார்த்துவிட்டாள், இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பிறகு, "அப்புறம் இது எதுக்கு?" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். வாயில் வந்த முதல் வார்த்தை அது, அடிபட்டவன் அம்மா என்கிற மாதிரி. இருந்தாலும் அதுதான் கேள்வி, அவள் பயந்துகொண்டிருந்ததும் அதைத்தான். இதுவரை தானே தன்னிடம் கேட்டுக்கொள்ளாமல் சுற்றிச் சுற்றி வந்ததும் அதைத்தான். போகப்போகிற கண்ணுக்கு வேகம் எதற்கு? பார்த்து என்ன செய்யப் போகிறாள், யார் கேட்டார்கள், கால் பிடித்துவிட்டுக்கொள்ளும் அந்தப் பெண்ணுக்குத் தன்னை ஒருத்தி படம் எடுத்ததுகூடத் தெரியாது. பசிக்கிறவளிடம் சோறு எதற்கு என்றால் என்ன சொல்வாள்?

"நான் எடுத்ததுங்க. நான் இன்னும் பார்க்கல," என்றாள். அவ்வளவுதான் வந்தது. இர்ஃபானிடம் திரும்பி, "தம்பி, சின்னதைப் போடுங்க. வேகமானது."

"சரிம்மா," என்றான் அவன். மேடம் போய் அம்மா ஆகிவிட்டிருந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

சில்லை மாட்டி மூடியைப் போட்டு விண்டோஸ் ஏற்றுவதற்குள், எதையெல்லாம் உள்ளே ஏற்றுவது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு டிபியில் எல்லாம் கொள்ளாது. 'சும்மா' என்று பிரித்த பழைய வருஷங்கள் ஒருபக்கம், பிரிக்காத வருஷங்கள் ஒருபக்கம். பழையவை அழகானவை, பத்திரமானவை, சுத்தமாக அடுக்கப்பட்டவை. அவற்றை எடுத்தவளுக்கு இளமை இருந்தது, எந்தப் படத்தையும் தயங்காமல் எடுத்தாள். ஆனால் அவற்றைப் பார்த்தாகிவிட்டது. பரணிலிருந்து கேமராவை இறக்கிய பிறகு எடுத்தவற்றைத்தான் அவள் பார்க்கவில்லை. "இந்தப் பழைய டிஸ்க்கு வேண்டாம். அந்த ரெண்டையும் மட்டும் போடுங்க," என்றாள். பழைய டிஸ்க்கைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அது அங்கேயே இருக்கும், எங்கேயும் போய்விடாது, ஆனால் அவள் இனி அதைத் திறக்கமாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்தது.

காப்பி ஆகிக்கொண்டிருந்தபோது தனபால் வெளியே போனார். திரும்பி வர நேரம் பிடித்தது. வண்டியில் ஏறிப் போய்விட்டாரோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது, ஹெல்மெட் நாற்காலியில் இருந்ததைப் பார்த்துத் தணிந்தாள். வந்தபோது இரண்டு கையிலும் பேப்பர் கப்பில் டீ. முகம் கழுவியிருந்தார், சட்டைக் காலர் நனைந்திருந்தது. அவள் முன்னால் வந்து நின்றார். கப் அவள் கையை நோக்கி வந்தது. அவள் உடம்பு இறுகியது. கப் நடுவில் நின்றது. பிறகு அவர் அதை மேடைமேல் வைத்தார். கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டோமோ என்று அவளுக்குப் பக்கமாக நகர்த்தினார், நகர்த்தியது தவறோ என்று கையை எடுத்துக்கொண்டார். அவள் தானே எடுத்துக் குடித்தாள். சர்க்கரை அதிகம். "ஊசிக்கு யார்கூடப் போன?" என்றார். "தனியாத்தான்." அவர் தன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "வலிச்சுதா?" என்று கேட்டார். "முதல் தடவை."

"பார்த்துக்கோங்கம்மா, ஓப்பன் பண்ணுங்க," என்று இர்ஃபான் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். ஏதோ ஒரு ஃபோல்டரைத் திறந்து ஏதோ ஒரு படத்தைத் தட்டினாள். தட்டிய விரல் எழுவதற்குள் படம் வந்து நின்றது. வளையம் இல்லை, மங்கல் இல்லை, மூச்சைப் பிடித்துக்கொள்ள இடமே கொடுக்கவில்லை. ஒரு மண்டபத்தின் கை கழுவும் இடம். பட்டுப்புடவைக்காரி ஒருத்தி, மாப்பிள்ளையின் அக்காவாக இருக்க வேண்டும், கண்ணாடியைப் பார்த்தபடி கொசுவத்தைச் சரிசெய்கிறாள், திறந்த குழாயிலிருந்து தண்ணீர் அவள் வளையல்மேல் தெறிக்கிறது. நேராகப் பார்த்தால் அவள் தோளருகே கோடு நெளிந்தது. குமுதவல்லி தலையைக் கொஞ்சம் திருப்பி, கண்ணின் நல்ல இடத்துக்கு அந்த முகத்தைக் கொண்டுவந்தாள். பொறுமையாகப் பார்த்தாள். தனபால் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவள் அழிக்கிற பட்டனில் விரலை வைத்தாள்.

"ஏன், நல்லாத்தானே இருக்கு?" என்றார் அவர்.

"இல்ல. ஃபோகஸ் சுவத்து டைல்ஸ்ல விழுந்திருக்கு. முகத்துல இல்ல."

தனபால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, திரைக்கு மிக அருகில் போய், வெகுநேரம் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றார்.

"எனக்குத் தெரியுது," என்றாள் குமுதவல்லி.